வெள்ளையணுவுக்கு வில்லன் வேடம்

1

இந்தக் கதை பிறந்தது ஓர் ஆஸ்பத்திரி நடைபாதையில். என் அத்தானை ஒரு கதவுக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்காகவே எழுத உட்கார்ந்தேன். கதை எழுத இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் என் அக்கா. இந்தப் பக்கம், அவள் மூளைக்குள் ரத்தம் கசிந்ததற்குத் தானே காரணம் என்று நம்பி உள்ளே போக மறுத்த அவள் கணவர்.

2

முதல் தொடக்கம்: "வெள்ளையணுக்கள் ஒரு படை. எதிரி நுழைந்தான் என்றதும் அவை..." (அடித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பாடம்.)

இரண்டாவது: "அன்று வானம் இருண்டிருந்தது. அக்காவுக்கு ஏதோ..." (பொய். நல்ல வெயில்.)

நடந்ததையே சொல்கிறேன். அக்கா பள்ளி வேன் ஓட்டுபவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வீடு திரும்பியவள் மேசைமேல் சாவியை வைக்கப் போனாள். வலது கை துவண்டு சாவி தரையில் விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சு குழறியது. அத்தான் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. "கட்டியைக் கரைக்க ஊசி இருக்கு. சிலருக்கு அதுக்கப்புறம் ரத்தம் கசியலாம். என்ன சொல்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"போடுங்க" என்றார் அத்தான்.

அன்று மாலையே அக்கா வலது கையைத் தூக்கினாள். அத்தானை "தூங்குமூஞ்சி" என்றாள்.*

மறுநாள் தலைவலி, வாந்தி. கை மறுபடி விழுந்தது. ஸ்கேனில் கசிவு.

* செல்லப்பெயர். காரணம் கேட்டால் அத்தான் குறட்டையைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

3

அத்தான் பிளம்பர். அதுதான் வினையாகப் போயிற்று.

"டாக்டர், பழைய குழாயில அடைப்பெடுத்து ஒரேயடியா தண்ணியத் திறந்தா மூட்டு விட்டுரும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போடச் சொன்னேனே! பிள்ளையார் பிடிக்கப்போய் குரங்கா முடிஞ்சுது."

டாக்டரம்மா அவர் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இது இரும்புக் குழாய் இல்லைங்க, உயிருள்ளது. அடைப்பு வந்து மூளையில அடிபட்டதுமே, ரத்தத்துல இருக்கற வெள்ளையணுக்கள் அங்க ஓடி வரும். செத்ததைச் சுத்தம் பண்ணத்தான் வருது. ஆனா அதுங்க விடுற ரசாயனம் குழாயோட சுவரையே அரிச்சிடும். இளகின சுவர் வழியா ரத்தம் கசியும்."

"அப்ப ஊசி மேல தப்பே இல்லையா?"

"இருக்கு, மறைக்கல. அதுவும் கசிவைக் கூட்டும். ஆனா ஊசி போடாத சிலருக்கும் கசியுது. போடாம விட்டிருந்தா உங்க வீட்டம்மாவுக்குப் பேச்சு வந்திருக்குமான்னே சந்தேகம். யாருக்குக் கசியும்னு உறுதியா முன்னாடியே சொல்ல எங்களுக்கே வழியில்ல. உங்களுக்கு எங்கிருந்து தெரியும்?"

அத்தான் தலையாட்டினார். உள்ளே மட்டும் போகவில்லை.

4

வில்லன் கிடைத்துவிட்டான் என்று எனக்குக் குஷி. வெள்ளையணுக்களுக்கு மீசை வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். சில நாளில் கசிவு நின்று, அக்கா திக்கித் திக்கிப் பேசத் தொடங்கியதும் அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டாள். "உதவிக்கு... ஓடி வந்ததுங்க... தானேடி?"

"ஆமா. வந்து வீட்டை உடைச்சுதுங்களே!"

"பதறிப் போய்... வந்திருக்கும். அதைப் போய்... திட்டுவாங்களா?"

(இரண்டு பக்கமும் கிழிந்தன. கதாபாத்திரத்தைச் சந்தேகிப்பது எழுதுபவரின் கடமை. அதைக் கட்டிலில் படுத்திருப்பவள் செய்தால் பக்கம் மிஞ்சாது.)

அவள் சொன்னதை நடைபாதையில் அத்தானிடம் அப்படியே சொன்னேன். அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தன் கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

5

முடிவு ஒன்று: அக்கா அவரை மன்னிக்கிறாள். (மன்னிக்க என்ன இருக்கிறது?)

முடிவு இரண்டு: அத்தான் அழ, அக்கா... (அத்தான் என்னைக் கொன்றேவிடுவார்.)

உள்ளபடி நடந்தது இவ்வளவுதான். அவர் கட்டிலருகே நின்றார். அக்கா இடது கையால் அவரது விரலைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை, உதடு மட்டும் அதைத் தேடியது.

அந்தச் சொல்லை நான் இங்கே போட்டுவிடலாம். என் தொழில் அதுதான். ஆனால் அவள் தேடும்போது முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்தால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். அத்தான் அவசரப்படாமல் நிற்கிறார். நீங்களும் கொஞ்சம் பொறுங்கள். அவளே சொல்லுவாள்.