மைனஸ் பதினெட்டுக் கை

வீராம்பட்டினத்துச் சொர்ணத்தின் இரண்டு கைகளும் பதினோரு வருடமாக மணிக்கட்டு வரை மைனஸ் பதினெட்டு டிகிரியில் இருக்கின்றன. அவள் வேலை பார்க்கும் இறால் கம்பெனியில் ஒரு உப்புத்தண்ணீர்த் தொட்டி உண்டு. உப்பு கூடிய தண்ணீர் அந்தக் குளிரிலும் உறையாது. அதில் அமிழ்த்திய இறால் பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும். ஒருநாள் கூடை கொக்கியிலிருந்து நழுவி உள்ளே விழ, "எடும்மா, எடும்மா, ஏத்துமதி சரக்கு!" என்று சூப்பர்வைசர் ராமலிங்கம் கத்த, அவளும் யோசிக்காமல் இரண்டு கையையும் விட்டாள். ரத்தம் ஓடுகிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, குளிர் மட்டும் போகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கம்பெனி ஒரு ஜோடி கையுறை கொடுத்தது. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

இரண்டே வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. பெரிய மார்க்கெட்டில் அவள் தடவிக் கொடுத்த வஞ்சிரம் ஐஸ் இல்லாமலே சாயங்காலம் வரை நின்றது. காய்ச்சல்காரர்கள் வந்து நெற்றியை நீட்டினார்கள். பழகாதவன் ஒருத்தன்தான், கட்டின புருஷன் விமல்ராஜ். "மேல கைய வச்சிடாதடி, பொணம் தொட்டாப்புல இருக்கு" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனான். சொர்ணம் கொதிக்கிற உலை ஆவியில் கையைக் காட்டினாள். ஆவி பனியாக உதிர்ந்தது. உச்சி வெயிலில் கடற்கரை மணலில் புதைத்தாள். மணல் கட்டி தட்டியது. சோற்றுத் தட்டைக்கூட அவன் தரையில் வைக்கச் சொல்லித்தான் எடுத்துக்கொண்டான். ஒரு தடவை அவன் தன் கையைப் பிடிக்க வேண்டும், அவள் ஆசை அவ்வளவுதான்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்த விமல்ராஜ் நெஞ்சைப் பிடித்தான், சாய்ந்தான், போய்விட்டான். பிள்ளை இல்லை, கொள்ளி வைக்க வேண்டிய அவன் தம்பி முத்து பிரான்சில் இருந்தான். அவன் வந்துசேர இரண்டு நாள் ஆகும். பிணம் வைக்கிற ஃப்ரீசர் பெட்டிகள் எல்லாம் வேறு சாவுகளுக்குப் போயிருந்தன. நாத்தனார் மேனகாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணி, நீ இருக்கறப்ப பொட்டி எதுக்கு? நீயே புடிச்சிக்கயேன்."

சொர்ணம் கையுறையைக் கழற்றினாள். "இப்ப மட்டும் ஒனக்குக் குளுரலியா?" என்று அவனைக் கேட்டாள். கூடியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு கையை அவன் நெஞ்சில் வைத்து, இன்னொன்றை அவன் உள்ளங்கைக்குள் கொடுத்து இரண்டு நாளும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முத்து வந்து பார்த்தபோது அண்ணன் அன்றைக்குப் பிடித்த மீன் கணக்காக இருந்தான்.

தூக்கப் போனால், விமல்ராஜின் ஐந்து விரலும் அவள் கையை இறுக்கிப் பிடித்து உறைந்திருந்தன. வெந்நீர் ஊற்றிப் பிரிக்க அரைமணி ஆனது. "மெதுவா ஊத்துங்க, என்னா அவசரம்" என்றாள் சொர்ணம்.

காரியம் முடிந்து அவள் கம்பெனிக்குப் போகிறாள். பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பியவர்கள் இப்போதெல்லாம் அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்.