காலி மூலையில் ஒரு நாற்காலி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. நன்றாக ஓடுகிற சர்க்யூட்டை யாரும் நோண்டமாட்டோம். பழைய சிப்பிலிருந்து அப்படியே எடுத்துப் புதிய சிப்பில் ஒட்டிவிடுவோம். என் பெயரை ஊரறியச் செய்த ஆம்ப்ளிஃபையரும் அப்படித்தான் பன்னிரண்டு வருடமாக, மூன்று தலைமுறை சிப்புகளில் வந்துகொண்டிருக்கிறது. காது மந்தமானவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவியில் அது இருந்தால் பக்கத்து அறையில் பால் பொங்குவதுகூடக் கேட்கும். அதை வைத்துத்தான் நான் ஆராய்ச்சித் தலைவி ஆனேன்.

அதைச் செய்தது நானில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்த பென்சில். எந்நேரமும் காதில் பென்சில் செருகியிருப்பான், அதனால் அந்தப் பெயர். என்னை வாய் நிறைய அக்கா என்பான். காப்புரிமையில் நான் என் பெயரை மட்டும் போட்டேன்.

"என் பேரு எங்கக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

"அடுத்ததுல பாத்துக்கலாம்டா" என்று மழுப்பினேன். அடுத்தது வருவதற்குள் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அழுதேன். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பு.

சிப்பின் காலி மூலையில் அவன் ஒரு படம் வரைந்து வைத்திருந்தான். தலைமுடியின் அகலம்கூட இல்லை. நாற்காலியில் ஒருவன், முதுகைக் காட்டியபடி, காதில் பென்சில். சர்க்யூட்டோடு சேர்ந்து அதுவும் அடுத்த சிப்புக்கு வந்தது. ஆனால் இரண்டாவது தலைமுறையில் அவன் பக்கவாட்டில் திரும்பியிருந்தான். யாரோ விளையாடுகிறார்கள் என்று எல்லோரையும் காய்ச்சி எடுத்தேன். டிசைன் ஃபைலைத் திறந்தால் அதில் முதுகுதான் இருந்தது. மூன்றாவதில் நேராக என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு மைக்ராஸ்கோப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

நேற்று வாழ்நாள் சாதனை விருதுக்கான படிவம் வந்தது. 'கண்டுபிடித்தவர்கள்' என்ற இடத்தில் இரண்டு கோடுகள். முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவதில் 'யாருமில்லை' என்று எழுதப் போனால் கை ஓடவில்லை. மேஜைமேலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இன்று காலை பதினொரு மணிக்கு நான்காவது தலைமுறை சிப் வந்தது. டிசைன் பார்க்கும் பெண் லேபுக்குக் கூப்பிட்டாள்.

"மேடம், இந்த மூலையப் பாருங்களேன். யாரோ நாற்காலி வரைஞ்சிருக்காங்க."

"அதுல ஆள் இருக்குமே?"

"இல்லையே. வெறும் நாற்காலிதான்."

மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.

அப்போது லேப் போன் அடித்தது. என் செக்ரட்டரி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, பென்சிலைப் பார்த்ததே இல்லை.

"மேடம், உங்க தம்பி வந்திருக்கார்."

"எனக்கு ஏதும்மா தம்பி?"

"அக்கா எங்கன்னு கேட்டுட்டே உள்ள போனாரே. சொல்லச் சொல்லக் கேக்காம உங்க நாற்காலியிலயே உக்காந்துட்டார். மேஜைல இருந்த ஃபாரத்தைப் படிச்சிட்டிருக்கார்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டாவது கோடு யாருக்குன்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னார். காதுல பென்சில் வச்சிருக்கார், ஆனா பேனாதான் வேணுமாம். குடுக்கட்டுமா?"

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"குடும்மா" என்றேன். "அது அவனுக்குத்தான்னு சொல்லு."