செவல்மேட்டு விலக்கில் நான்காவது ஆள்

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வரைக்கும் லைட் ரயில் ஓட ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆயிற்று. "இந்த வெயிலூருக்கு இது ஒரு கேடா" என்று வாய் கிழியப் பேசியவர்கள்தான் இன்றைக்கு ஏசிக் காற்றுக்கு முண்டியடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஆமத்தூரைத் தாண்டிச் சிவகாசி வரைக்கும் பாதையை நீட்டி முடித்து, ஆள் ஏற்றாமல் வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்கும் வாரம் அது. நடுவழியில் செவல்மேட்டு விலக்கு என்று ஒரு ஸ்டாப். பக்கத்தில் வீடு வாசல் எதுவும் கிடையாது. கருவேலங்காடும் பாதி இடிந்த காம்பவுண்டுச் சுவரும்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வெடித்துச் சிதறிய பட்டாசுக் கம்பெனி நின்ற இடம். சும்மா கிடக்கிற இடந்தானே என்று அங்கே கொண்டுபோய் ஸ்டாப்பை வைத்த புண்ணியவான்களை என்னவென்று சொல்ல!

அந்த ஸ்டாப்பைக் கூட்டித் துடைக்கும் வேலை முத்துமாரியம்மாளுக்கு வந்து சேர்ந்தது. அவள் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை. அவள் எடுத்து வளர்த்த பெண் ரோஷினிக்கு அதே ஸ்டாப்பில் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. "பெரியம்மா, ரெண்டு பேரும் ஒரே எடத்துல வேலை பாப்பம்" என்று அவள்தான் பெரியம்மாவுக்கும் மனு எழுதிப் போட்டாள். வேண்டாம் என்பதற்கு முத்துமாரியிடம் காரணம் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய காரணமா அது?

திங்கட்கிழமை சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்கு, சிவகாசிப் பக்கமிருந்து காலி வண்டி வந்து நின்றது. கதவுகள் திறந்தன. வண்டிக்குள் எத்தனை பேர் என்று தானாக எண்ணிக் காட்டும் பலகை ஒன்று பிளாட்பாரத்தில் உண்டு. அதில் இருந்த பூஜ்யம் ஒன்று ஆனது. அப்புறம் இரண்டு. அப்புறம் மூன்று. அதோடு நின்றது.

கதவு மூடப் போனது, மூடவில்லை. பாதி வந்து திரும்பத் திறந்துகொண்டது. ஏழெட்டுத் தடவை அப்படியே செய்தது.

"வாசப்படியில ஆள் நிக்கிற மாதிரி காட்டுது சார்" என்றாள் ரோஷினி. இன்ஜினியர் ராஜபாண்டியன் வந்து வாசலில் கையை வீசிப் பார்த்தார். காற்றுதான். "கரிசல் தூசி அடைச்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, சாவியைப் போட்டுக் கதவை வலுக்கட்டாயமாக மூடி வண்டியை அனுப்பினார்.

வண்டி போன பிறகு முத்துமாரி துடைப்பத்தோடு வந்தாள். பளபளவென்று இருந்த புதுத் தரையில் வெள்ளி நிறத்தில் பாதத் தடங்கள். மத்தாப்பில் போடும் அலுமினியப் பவுடர். பட்டாசு வேலைக்காரிகளுக்கு அது மேலெல்லாம் அப்பிக்கொள்ளும், எத்தனை குளியல் போட்டாலும் லேசில் விடாது. கம்பெனிக்குள் செருப்பு போடக் கூடாது என்பதால் எல்லாம் வெறுங்கால் தடம். நான்கு ஜோடி. மூன்று ஜோடி வண்டி வாசல் வரைக்கும் போய் மறைந்திருந்தது. நான்காவது மட்டும் வாசலில் இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல் பதிந்து, அங்கேயே நின்றது.

யாரும் பார்ப்பதற்குள் பரக்கப் பரக்கத் துடைத்தாள். அந்த நான்காவது ஆள் யாரென்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன், அந்தக் கம்பெனி போர்மேன் கோட்டைச்சாமி. அவன் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இவள் ஒருத்திதான்.

முத்துமாரியும் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். அது வெடித்த அன்றைக்கு ஆடி கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வருவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். தீபாவளி சீசன் நேரத்தில் கோட்டைச்சாமி லீவு தருவானா? "போறதுன்னா மாத்தாள் விட்டுட்டுப் போ" என்றான். அந்தப் பக்கத்தில் அது சர்வசாதாரணம். ஒருத்தி பெயரில் இன்னொருத்தி வேலை பார்ப்பாள், நோட்டில் பழைய பெயரே இருக்கும். முத்துமாரி பக்கத்து வீட்டு ராக்காயியை அனுப்பினாள். புருஷன் விட்டுப்போய், எட்டு வயசுப் பெண்பிள்ளையோடு ஒண்டியாக இருந்தவள். "ஒருநா தானக்கா, போயிட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள் பாவி மகள். மதியம் இரண்டு மணிக்கு அந்த ரூம் வெடித்தது. ரூமுக்கு நாலு பேர் என்பது கணக்கு. நாலு பேருமே போனார்கள்.

செத்தவர்கள் பட்டியலில் முத்துமாரி பெயரைச் சேர்த்து, ஊரே வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு கிடக்கும்போது, அவள் நெற்றி நிறையத் திருநீறோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். அவ்வளவுதான். மாரியம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? கோட்டைச்சாமி ஓரமாகக் கூப்பிட்டு, "மாத்தாள் விட்ட கதை வெளிய வந்தா நீயும் நானும் உள்ள போயிருவோம்த்தா, வாயத் தொறந்திராத" என்றான். செத்தது மூன்று பேர் என்று எழுதினார்கள். கருகிப் போனதில் எண்ணிப் பார்க்க யாருக்குத் தெம்பு இருந்தது? ராக்காயி லாரிக்காரன் ஒருத்தனோடு திருப்பூருக்கு ஓடிவிட்டாள் என்று கோட்டைச்சாமியே கதை கட்டினான். அவளுடைய பிள்ளையை முத்துமாரி தூக்கி வந்து வளர்த்தாள். அந்தப் பிள்ளைதான் ரோஷினி.

'ஓடிப்போனவ மக' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் அவள். "செத்தாக்கூட அவ மூஞ்சில முழிக்க மாட்டேன் பெரியம்மா" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! ஒவ்வொரு தரமும் உண்மை முத்துமாரியின் நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது. முதலில் போலீசுக்குப் பயம். அப்புறம் அந்தப் பயம் போய்விட்டது, பிள்ளை தன்னை விட்டுப் போய்விடுவாளே என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு யார் இருக்கிறார்கள் முத்துமாரிக்கு?

செவ்வாய்க்கிழமையும் அதேதான். மூன்று ஏறியது. கதவு மூடவில்லை.

புதன்கிழமை ராஜபாண்டியன் சலித்துப் போனார். "நாளைக்குப் பெரிய அதிகாரிங்க வாராங்க. இன்னைக்கும் கதவு மூடலைன்னா இந்த ஸ்டாப்பையே அடைச்சிரப் போறேன். வண்டி நிக்காமப் போகட்டும்" என்றார். கூட்டிக்கொண்டிருந்த முத்துமாரி நிமிர்ந்தாள். வண்டி இனி நிற்காது என்றால், வாசலில் நிற்கிறவள் எங்கே போவாள்? இன்னும் எத்தனை வருஷம் இந்தக் கருவேலங்காட்டுக்குள் கிடப்பாள்?

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கதவு வந்து வந்து திரும்பியது. காற்றில் கந்தக நெடி. துடைப்பத்தைப் பிடித்தபடி நின்ற முத்துமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்பெனி விட்டதும், ஆட்களை ஊருக்குக் கொண்டுபோகும் வேன் வாசலில் கோட்டைச்சாமி நோட்டோடு நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். பெயர் கூப்பிட்டால்தான் ஏற வேண்டும். கூப்பிடாமல் ஏறினால் கெட்ட வசவு விழும். மூன்று பேருக்கு நோட்டில் சொந்தப் பெயர் இருந்தது, ஏறிவிட்டார்கள். ராக்காயியை யார் கூப்பிட்டார்கள், இத்தனை வருஷத்தில்?

திரும்பிப் பார்த்தாள். நாலடி தள்ளி ரோஷினி நின்றாள். அவள் காதில் விழாமல் கூப்பிட முடியாது. முத்துமாரி மெல்ல, "முத்துமாரி" என்றாள். நோட்டில் இருந்த பெயர் அதுதானே. சட்டென்று அவளுடைய சொந்தக் கால்கள் இரண்டடி முன்னால் நடந்தன. அவள் நடக்கவில்லை, கால்தான் போயிற்று. உடம்பு குளிர்ந்து, கம்பியைப் பிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டாள். கதவு மூடவில்லை.

"என்ன பெரியம்மா, யாரக் கூப்பிடுதீக?"

முத்துமாரி அந்த முகத்தை ஒரு தரம் கண் நிறையப் பார்த்துக்கொண்டாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, குரலெடுத்துக் கூப்பிட்டாள்: "ஏலா, ராக்காயி! ஏறுத்தா. ஒன் பேருதான். ஏறு!"

பலகையில் நான்கு விழுந்தது. கதவு வந்து வந்து திரும்புவதை விட்டு, அசையாமல் திறந்து நின்றது.

டிரைவர் அறையிலிருந்து ராஜபாண்டியன், "சரியாயிருச்சு, சரியாயிருச்சு! அஞ்சு நிமிசம் பாத்துட்டு எடுப்பம்" என்று சந்தோஷமாகக் கத்தினார். ரோஷினிக்கு அது கேட்டமாதிரியே தெரியவில்லை. தரையில் இருந்த வெள்ளித் தடத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், கடைசியில் பெரியம்மாவைப் பார்த்தாள்.

"எங்கம்மா ஓடிப் போகலையா?"

"இல்ல தாயி."

"இங்கனயா இருந்தா?"

முத்துமாரி எல்லாவற்றையும் சொன்னாள். நேர்த்திக்கடன், மாத்தாள், மதியம் இரண்டு மணி. ஒன்றையும் மறைக்கவில்லை. ரோஷினி அழவில்லை, ஏசவில்லை. அதுதான் முத்துமாரிக்குத் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு என்ன சேலை கட்டியிருந்தா?"

"என் சேலைதான். பச்சையில மஞ்ச பார்டர். கேட்டுல வாச்மேன் கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு நாந்தான் கட்டிவிட்டேன், தாயி."

ரோஷினி தலையை ஆட்டினாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினாள். ஜன்னலோரம் காலியாகக் கிடந்த இருக்கைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றாள்.

உட்கார்ந்தாள். கதவு ஒரே மூச்சில் மூடியது. முத்துமாரி வண்டியோடு நாலு எட்டு ஓடி, கண்ணாடியைத் தட்டித் தட்டி, "ரோஷினி, ஏத்தா ரோஷினி" என்று கூப்பிட்டாள். உள்ளே அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.