விரல் இடிக்குதா அத்தான்

டென்னிஸ் மைதானத்தில் அவருக்குப் பெயர் சுவர். எப்படி அடித்தாலும் பந்து திரும்பி வந்துவிடும் என்பதால் நாற்பது வயதில் ஒட்டிய பெயர் அது. இப்போது வயது எழுபத்தொன்று. பந்து பாதிதான் திரும்பி வருகிறது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலையில் இருந்தவரை அவர் லிஃப்ட் மெக்கானிக். கூண்டுக்குள் ஏறி நின்றாலே போதும், உள்ளங்காலில் ஏறும் அதிர்வை வைத்து எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட கால்தான் இப்போது கைவிட்டுவிட்டது. சர்க்கரை வியாதியில் ஒன்றரை வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதம் இரண்டும் மரத்துப்போயின. தரை ஈரமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது யாருக்கும் தெரியாது. தெரியாமல் வைத்துக்கொள்ள மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. போன மாதம் மருத்துவமனையில் நர்ஸ் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலான் நூலால் பாதத்தை அங்கங்கே தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டாள். இவர் இமையைத் துளி திறந்து வைத்துக்கொண்டு, அவள் தோள் அசையும்போதெல்லாம் "தெரியுது" என்றார். பத்துக்குப் பத்து வாங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற மகளும் நம்பிவிட்டாள்.

"சரி, ஆடுங்க. ஆனா அந்தத் தேஞ்ச ஷூவைத் தூக்கிப் போட்டுட்டு, நல்லா குஷன் வச்ச ஷூவா வாங்குங்க. கால்ல உணர்ச்சி இல்லன்னு மட்டும் டாக்டர் சொல்லட்டும், அன்னைக்கே பேட் பரணுக்குப் போயிடும்" என்றாள்.

மனைவி போய் மூன்று வருஷமாகிறது. காலையில் பத்து நிமிஷம் தாமதமானால், இன்னும் ஆளைக் காணோமே என்று மைதானத்தில் நாலு பேர் தேடுவார்கள். வீட்டில் மகளும் தேடுவாள்தான், ஆனால் அவள் தேடுவது அவருடைய மாத்திரை டப்பாவை. மைதானமும் போய்விட்டால் பிறகு எதற்கு எழுந்திருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைக்குத் துணையாக மச்சானைக் கூட்டிப் போனார். மனைவியின் தம்பி, அறுபத்தாறு வயது, இரட்டையர் ஆட்டத்தில் முப்பது வருஷமாக இவருக்கு ஜோடி. ஒரு வருஷமாக இவர் கோட்டைவிடும் பந்துகளையும் சேர்த்து ஓடி எடுப்பது அவர்தான். வேறு எவரும் சுவரை ஜோடியாகச் சேர்க்கத் தயாரில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. மாலை நான்கு மணிக்குப் போனதும் மச்சானின் யோசனைதான். சாயங்காலம் கால் லேசாக வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பார்த்து வாங்கினால்தான் பிறகு இறுக்காதாம்.

விற்பனையாளர் முதலில் ஓட்டத்துக்கான ஷூ ஒன்றைக் கொண்டுவந்தார். மச்சான் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இது நேரா ஓடுறதுக்கு. நாங்க பக்கவாட்டுல ஓடுறவங்க. கணுக்கால் மடங்கிடும்." இரண்டாவது ஜோடியில் குதிகால் கல்லாக இருந்தது. சுவருக்கு அது எங்கே தெரிந்தது? மச்சானின் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "குதிகால் கடுசா இருக்கே" என்றார்.

மூன்றாவது, வெள்ளையில் நீலக்கோடு போட்டது. குதிகாலில் தடித்த குஷன், பக்கவாட்டில் கெட்டியான பிடிப்பு, முன்பக்கம் அகலம். விற்பனையாளர் இடது ஷூவிலிருந்து காகிதத்தை உருவிக்கொண்டிருக்கும்போதே கல்லாவிலிருந்து யாரோ கூப்பிட, அப்படியே வைத்துவிட்டு ஓடினார். சுவர் இரண்டையும் மாட்டிக்கொண்டார். அங்கே விரித்திருந்த பச்சைத் தரையில் நாலு எட்டு நடந்தார், பக்கவாட்டில் நகர்ந்தார், லேசாகக் குதித்தும் காட்டினார்.

"பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கு."

மச்சான் மண்டியிட்டு, வலது ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய விரல் அங்கேயே நின்றது. இன்னொரு முறை அழுத்தினார்.

"விரல் இடிக்குதா அத்தான்?"

"இடிக்கவே இல்ல. தாராளமா இருக்கு."

"வலது கால்ல?"

"ரெண்டுலயும்தான். இன்னும் ஒரு விரல் வச்சாக்கூட இடம் இருக்கு."

மச்சான் உடனே எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெஞ்சைப் பிடித்து எழுந்தார். "அப்ப இதையே எடுத்துக்குங்க" என்றார். ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது சுவருக்குப் பரீட்சையில் தேறிய சந்தோஷம்.

பேருந்து நிறுத்தத்தில்தான் மச்சான் வாயைத் திறந்தார்.

"அத்தான், நாளையிலேருந்து நான் ஆட வரல."

"ஏன், என்னாச்சு?"

"தோள்பட்டை. கையத் தூக்க முடியல. போதும்னு தோணுது. நீங்களும் விட்டுடுங்க, ரெண்டு பேரும் சும்மா நடக்கப் போகலாம்."

சுவருக்கு ஜிவ்வென்று கோபம் ஏறியது. "காலையில சர்வீஸ் போட்டியே, அப்ப எங்க போச்சு உன் தோள்பட்டை? வேற ஜோடி புடிச்சிட்டேன்னு நேரா சொல்லித் தொலை."

மச்சான் சாலையைப் பார்த்தபடியே நின்றார். "அப்படித்தான்னு வச்சுக்குங்க."

பிறகு சுவர் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். நன்றி கெட்டவன் என்றார். உங்க அக்கா இருந்திருந்தா உன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டா என்றார். பேருந்து வந்ததும், இவர் ஏறும்போது மச்சான் முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டார். இவர் கையை உதறிவிட்டு உள்ளே போனார்.

மகள் அலுவலகத்திலிருந்து வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். தனியாகவாவது போய் மைதானத்துச் சுவரில் பந்தடிக்கிறேன் பார் என்று முனகிக்கொண்டே, நாடாவைத் தளர்த்தி வலது ஷூவுக்குள் கையை விட்டார். நுனியில் ஏதோ சரசரத்தது. வெளியே இழுத்தார்.

காகிதப் பந்து. பந்தாகத்தான் இருந்திருக்கும். இப்போது நசுங்கித் தட்டையாகி, ஒரு ஓரத்தில் அவருடைய விரல்களின் பள்ளம் வரிசையாகப் பதிந்திருந்தது. இதை வைத்துக்கொண்டுதான் கடை முழுக்க நடந்தார், குதித்தார், தாராளம் என்றார். அந்தக் கட்டைவிரல் ஏன் அங்கேயே நின்றது என்று இப்போது புரிந்தது. தோள்பட்டைக்கு ஒன்றுமில்லை என்பதும் புரிந்தது. வேறு ஜோடி யாரும் இல்லை. காலை உடைத்துக்கொள்ளாமல் இவரைக் காப்பாற்ற, கெட்ட பெயரைத் தன் தலையில் போட்டுக்கொண்டு மனிதர் தன் ஆட்டத்தையும் விட்டுவிட்டார். அவரைப் போய் நன்றி கெட்டவன் என்று சொன்ன வாய் கசந்தது.

ஷூவை மாட்டிக்கொண்டு கூடத்தில் ஜன்னல்வரை நடந்து பார்த்தார். திரும்பி வந்து கழற்றி, காகிதத்தை மறுபடி நுனியில் திணித்து, மாட்டிக்கொண்டு நடந்தார். இந்த முறை கண்ணை நிஜமாகவே மூடிக்கொண்டார்.

முன்பக்கம் தாராளமாகத்தான் இருந்தது.