கூடையில் இறங்கியவர்

நெல்லைநாயகம் நேபாளத்திலிருந்து திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் சங்கரன்கோவிலில் மலையேற்றம் என்றால் அவர்தான் என்று ஆகிவிட்டது. வேலையில் இருந்த காலமெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்திராத மனிதர். இப்போது காலைநடைக்கு இரண்டு கைகளிலும் கம்போடு போனார். தெற்கு ரத வீதியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. யாராவது, "என்ன அண்ணாச்சி, காலுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டால் அவருக்குச் சுள்ளென்று வரும். "டிரெக்கிங் கம்பு வே இது. மலையேறுதவன் கையில இருக்கும். ஒமக்கு எங்க தெரியப் போகுது?" என்பார்.

அவருடைய மனைவி முத்துமீனாள் இதை வாசலில் நின்று பார்ப்பாள். தபால் அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் முகம் மாறாமல் பொய் சொல்லுகிறவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். அவர்களில் ஒருவனுக்காவது கொஞ்சம் கூச்சம் இருந்தது என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.

மலையில் நடந்தது இதுதான்.

கோசாய்குண்டம் ஏரியைப் பார்க்கப் போனார்கள். சிவன் விஷம் குடித்த தாகம் தீரச் சூலத்தால் குத்தி எடுத்த தண்ணீர் என்று சொல்லுகிற ஏரி. நாலாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. புறப்படுமுன் ஊரில் டாக்டர் ஆனந்தி இருவரையும் சோதித்து, பொறுமையாகச் சொல்லி அனுப்பினாள். மெதுவாக ஏறுங்கள். கொதிக்கவைத்த தண்ணீரை நிறையக் குடியுங்கள். இந்த மாத்திரையை ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்தே போடுங்கள். தலைவலி வந்தால் மறைக்காதீர்கள். வலியோடு மேலே போகவே கூடாது.

தெருவுக்கு வந்ததும் நெல்லைநாயகம் சிரித்தார். "அந்தப் பிள்ள புளியங்குடியத் தாண்டி மலையப் பாத்திருக்குமா? எனக்குச் சொல்லுது!"

மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் போகும் என்று தெரிந்ததும் அவர் அதைத் தொடவில்லை. குளிரில் யார் வெளியே எழுந்து போவது என்று தண்ணீரையும் குறைத்தார். வழியில் ஓடிய ஓடைத் தண்ணீரை மட்டும், "இமயமலைத் தண்ணி, இதவிடச் சுத்தம் எங்கன இருக்கு?" என்று பாட்டிலில் பிடித்துக் குடித்தார். முதல் நாள் கூட வந்த புனேக்காரர்களை எல்லாம் முந்திக்கொண்டு ஓடினார். மறுநாள் வயிறு போக ஆரம்பித்தது. அதற்கும் மறுநாள் தலை வலித்தது, சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி எடுத்தார். கேட்டதற்கு, "பித்தம்" என்றார். கள்ளுக்கடையிலிருந்து வருகிறவரைப் போலக் கால் பின்னியபோதுதான் வழிகாட்டி பசாங் அவரை நிறுத்தி, நேர்கோட்டில் நாலு எட்டு நடந்து காட்டச் சொன்னான். இரண்டாவது எட்டில் அவர் பாறையில் சாய்ந்தார். பசாங் அதற்குமேல் காத்திருக்கவில்லை. உருளைக்கிழங்கு சுமக்கிற மூங்கில் கூடையில் அவரை உட்காரவைத்து, கூடைப் பட்டையைத் தங்கள் நெற்றியில் மாட்டி, சுமைகாரர்கள் ஆள் மாற்றி ஆள் முதுகில் சுமந்து இறங்கினார்கள். அவர் கூடைக்குள் இருந்தபடி தமிழில் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அவர் சாய்ந்த இடத்திலிருந்து ஏரி அரைநாள் நடைதான். முத்துமீனாளுக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் கூடைக்குப் பின்னாலேயே இறங்கினாள். கீழே வர வர அவர் தெளிந்தார். அடிவாரத்தில் சோறும் பருப்பும் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, "ஊர்ல போயி என்ன சொல்ல?"

பதிலை அவரே கண்டுபிடித்தார். திரும்புகிற ரயிலில், எதிர் இருக்கையில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே, நண்பர் கோமதிநாதனுக்குப் போன் போட்டார். "ஏரிகிட்டப் போயாச்சி வே. மீனாளுக்கு மூச்சு முட்டிருச்சி. பொம்பளய விட்டுட்டு எப்படி ஏற? இறங்கிட்டேன்."

புனேக்காரர்கள் சங்கரன்கோவிலுக்கு வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் முத்துமீனாளுக்கு ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து மூச்சு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு மனிதனைப் பொய்யன் என்று நிரூபிக்கிற அளவுக்குக்கூட அவர்மேல் அவளுக்கு அக்கறை மிச்சமில்லை.

அப்படியே விட்டிருப்பாள். ஆனால் காலைநடைக் கழகத்தார் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். 'மலைப் பயணமும் மனித ஆரோக்கியமும்' என்று பேனர். அடுத்து கோசாய்குண்டம் போகிறவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கோமதிநாதனும் அவர் மனைவி வித்யாலட்சுமியும் அதில் உண்டு. கோமதிநாதனுக்கு ரத்தக்கொதிப்பு.

நெல்லைநாயகம் கம்புகளை மேடையில் சாத்திவைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "மாத்திரையெல்லாம் கோழைகளுக்கு. தண்ணியக் கொறச்சுக் குடிங்க, குளிர்ல அலைய வேண்டாம். தலவலி வந்தா வெளிய சொல்லாதீங்க. சொன்னா மனசு தளந்துரும். ஏறுனா தானாச் சரியாயிரும்!"

கைதட்டல். கோமதிநாதன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தலையைப் பார்த்ததும் முத்துமீனாள் எழுந்தாள்.

"இவுக சொன்னபடி செஞ்சா ஆளு பொழைக்காது," என்றாள். மைக் இல்லாமலே குரல் கேட்டது. "மூச்சு முட்டுனது எனக்கில்ல. இவுகளத்தான் கூடையில வச்சித் தூக்கிட்டு வந்தாங்க. தலவலி வந்தா அங்கனயே நில்லுங்க. கொறயலன்னா இறங்குங்க. நடை தடுமாறுனா ஒரு நிமிசம் தாமசிக்கக் கூடாது."

நெல்லைநாயகத்தின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு அவளுக்காகப் பரிதாபப்படுகிறவரைப் போலச் சிரித்தார். "பாத்தீங்களா? இதுதான் மலை செய்யுத வேல. மூளைக்கு ஆக்ஸிஜன் போகலன்னா ஞாபகம் இப்படித்தான் மாறி மாறித் தெரியும். பாவம்."

முன்வரிசையில், "அய்யோ பாவம்" என்றார்கள். மறுபடியும் கைதட்டல், முன்னைவிடப் பலமாக.

முத்துமீனாள் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை பேரும் ஓட்டுப் போடுகிறவர்கள், பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் என்பதை நினைத்து ஆச்சரியமாக இருந்தது.

டிபன் நேரத்தில் அவள் கை கழுவுகிற இடத்துக்குக் கோமதிநாதன் வந்தார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார். "மதினி, அந்த மாத்திரைக்குப் பேரு என்ன?"

"எங்கிட்ட ஏன் கேக்குதிய? மேடையப் பாத்துக் கை தட்டுனியளே, அங்கன கேளுங்க."

"அண்ணாச்சி மனசு நோகக் கூடாதுல்லா?"

"ஒங்க மண்ட வெடிக்கலாம், அவுக மனசு நோகக் கூடாது. அப்படித்தான?" கையை உதறினாள். "டாக்டர் ஆனந்திகிட்டப் போங்க. பிரஷருக்குச் சாப்பிடுத மருந்தயும் கொண்டு போயிக் காட்டுங்க. நானும் ஒங்ககூட வாரேன், மலைக்கு."

வீட்டில் நெல்லைநாயகம் குதித்தார். "ஏட்டி, என்ன யாரு பாத்துக்கிடுவா?"

"ஆரஞ்சு இருக்கு, ஹார்லிக்ஸ் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டினாள்.

இந்த முறையும் பசாங்தான் வந்தான். ஏரிக்குக் கீழே, கடைசித் தங்குமிடத்தில், கோமதிநாதன் ரொட்டியைத் தொடாமல் தட்டை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பித்தம் மதினி," என்றார். அந்த வார்த்தை அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. "எந்திரிங்க," என்று அதட்டி, இருட்டுவதற்குள் பசாங்கோடு அவரை முந்தின ஊருக்கு இறக்கினாள். வித்யாலட்சுமியும் கூட இறங்கினாள். இரண்டு நாள் அங்கே படுத்திருந்து, தலைவலி விட்டு, பசி வந்த பிறகே மறுபடியும் ஏறவிட்டாள். நின்று நின்று, மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில்தான் நடந்தார்கள். ஏரிக்கரையில் கோமதிநாதன் விழுந்து கும்பிட்டு அழுதார். முத்துமீனாள் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பும் நீலமுமாகக் கிடந்தது. காற்று வந்தால் ஓரத்திலிருந்து சுருங்கியது. காலையிலிருந்து புருஷனை நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் நெல்லைநாயகம் சால்வையோடும் கழகத்தாரோடும் நின்றிருந்தார். "நான் சொல்லிக்குடுத்த மாதிரியே ஜெயிச்சிட்டு வந்துட்டாங்க," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கோமதிநாதன் குனிந்து சால்வையை வாங்கிக்கொண்டார். "எல்லாம் அண்ணாச்சி புண்ணியம்," என்றார்.

முத்துமீனாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மலையில் இவரை விட்டுவிட்டு வந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

வித்யாலட்சுமிதான் பையைத் தரையில் போட்டாள். "அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணக்கூட நாங்க கேக்கல. அதனாலதான் இந்த மனுசன் உசுரோட வந்திருக்காரு. எல்லாம் மதினி செஞ்சது."

கழகத்தாருக்குத் திடீரென்று பெட்டிகளை எண்ண வேண்டியிருந்தது. சிலர் பெட்டி இல்லாமலே குனிந்து தேடினார்கள். முத்துமீனாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆட்டோவில் நெல்லைநாயகம் கோவில் வாசல் தாண்டியதும் அவள் பக்கம் சாய்ந்தார்.

"ஏட்டி, ஏரி எப்படி இருந்துச்சி? அடுத்த கூட்டத்துல சொல்லணும்லா."

அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"தண்ணியா இருந்துச்சி."