குடையும் நடையும்

திருப்பதிக்கு வடை அழகு, அரங்கத்துக்கு நடை அழகு, காஞ்சிக்குக் குடை அழகு என்பார்கள். அந்தக் குடையை வரைந்து முடிக்கவே ஸிந்துஜாவுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

கல்லூரியில் கூடப் படித்த ஜெபகுமாரும் அவளும் சேர்ந்து போனில் ஆடும் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். வரதராஜப் பெருமாளின் கருட சேவைதான் விளையாட்டு. வாகனத்தைத் தோளில் தாங்குகிறவர்களில் ஆடுகிறவரும் ஒருவர். போனை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கனத்தைச் சமன் செய்து, மேடுபள்ளம் பார்த்து, பெருமாள் குலுங்காமல் ஊரைச் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு காலடிக்கும் போன் கைக்குள் மெல்ல அதிரும்.

அந்த நடை ஜெபகுமாரின் வேலை. மாதா கோயில் சப்பரம் தூக்கித் தூக்கிக் காய்த்த தோள் அவனுக்கு. கனம் எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. படமெல்லாம் ஸிந்துஜாவுடையது. பட்டின் மடிப்பில் ஓடும் ஜரிகை வெளிச்சம், தீவட்டிப் புகை, கூட்டத்தில் ஆளுக்கொரு முகம். அப்பாவின் தோளில் உட்கார்ந்து கொட்டாவி விடும் குழந்தையைக்கூட அவள் விடவில்லை. வைகாசிக் கருட சேவையன்று விளையாட்டை வெளியிடுவது என்று முடிவாகியிருந்தது.

முதல் ஆளாக ஜெபகுமாரின் அக்கா கலையரசியிடம் கொடுத்தார்கள். ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. அவளுடைய போன், மூலையில் விரிசல் விட்ட பழைய போன். செவிலிமேட்டு வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள்.

"இன்னாபா இது? பெருமாள் ஒரு அடி வெச்சிட்டு நின்னு யோசன பண்றாரு."

"லோடு தாங்கல, அக்கா" என்றான் ஜெபகுமார்.

"போனு வேற கொதிக்குது. இனிமே தோசைக்கல்லே வேணாம், இதுலயே ஊத்திக்கலாம்."

அன்றைக்கே ஜெபகுமார் முடிவு சொல்லிவிட்டான். ஜரிகை வெளிச்சம் போக வேண்டும், புகை போக வேண்டும், கூட்டத்தின் முகங்களெல்லாம் வெறும் வண்ணப் பொட்டுகளாக வேண்டும்.

"அப்போ நான் வரைஞ்சதுல மிச்சம் என்னடா இருக்கும்?"

"ஆட்டம் இருக்கும், ஸிந்து. நம்ம ஊர்ல பாதி பேரு கையில அக்கா போனு மாதிரிதான் இருக்குது."

"இது மொண்ணையா இருக்கும். பாக்கறவா சிரிப்பா."

"நீ மட்டும் பனி பெய்யிற ஊரு கதைலாம் படிச்சிட்டு அழுவுறியே, அந்த ஊரு பாஷையிலயா படிக்கிற? தமிழ்லதான? அதுல மொண்ணையாவாம எல்லாம் அப்படியே வந்துட்டுச்சா?"

ஸிந்துஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படின்னா என் பேர எடுத்துடு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பையில் அப்போதும் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருந்தது. மட்டமான தாள், மங்கிய அச்சு, பக்கத்துக்கு ஒரு பிழை. அவள் உறைபனியையே பார்த்ததில்லை. ஆனாலும் அதில் வரும் கிழவர் உறைந்த ஏரியைக் கடக்கும்போது இவளுக்குக் காஞ்சிபுரத்து வெயிலில் கால் விறைத்துப்போகும். மூலத்தின் மினுக்கமெல்லாம் வழியில் எங்கோ உதிர்ந்துதான் இருக்கும். ஏரி மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. பாவி, சரியான இடத்தில் குத்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பேரை எடுக்கச் சொன்னதைத் திரும்பப் பெற மனம் வரவில்லை. கொட்டாவி விடும் அந்தக் குழந்தை கண்ணுக்குள்ளேயே நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலையரசியே கூப்பிட்டாள். "வாம்மா, சண்டைய அப்புறம் போட்டுக்கலாம். தம்பி புதுசா ஒன்னு ஏத்திக் குடுத்துருக்கான்."

ஸிந்துஜா போனாள். திரையைப் பார்த்தாள். பட்டு தட்டையான சிவப்பாகிவிட்டிருந்தது. கூட்டம், கொட்டிய சோளப்பொரி மாதிரி இருந்தது. குழந்தையைக் காணோம். பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பியபோதுதான் கலையரசியைப் பார்த்தாள்.

கலையரசி உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். வலது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. தெருத் திருப்பம் வந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே கால் கட்டைவிரலை ஊன்றினாள். போனில் இருந்த கனம் அவள் உடம்பில் ஏறியிருந்தது. போன வாரம், அத்தனை ஜரிகையோடும் இருந்தபோது, இந்தத் தோள் அசையவே இல்லை.

கோபுர வாசல் வந்தது. திரை கறுத்தது.

"செத்துடுச்சா?"

"இல்ல அக்கா, போனு கோயில எறக்கிட்டுத் தெருவ ஏத்துது. ரெண்டு மூச்சு ஆவும். அதுவரைக்கும் ஒரு வட்டம் சுத்துற மாதிரி வெச்சிடறேன்" என்றான் ஜெபகுமார்.

"வட்டம் வேண்டாம்" என்றாள் ஸிந்துஜா. தன் குரல் தனக்கே திடீரென்று கேட்டது. "கோபுர வாசல்தானடா? அங்க குடையத் தாழ்த்திப் பெருமாள மறைப்பாளே, அதையே வை."

அங்கேயே உட்கார்ந்து வரைந்தாள். நுணுக்கம் எதுவும் இல்லாத ஒரே ஒரு வெண்பட்டுக் குடை, அருகில் வந்து திரை முழுவதையும் மூடும். பின்னால் போன் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். காலடி அதிர்வை மட்டும் நிறுத்தாதே என்று ஜெபகுமாரிடம் சொன்னாள்.

மாலைக்குள் கலையரசி மறுபடி ஆடினாள். வாசலில் குடை கவிந்தது. அவள் போனை அசைக்கவில்லை. மூச்சுகூட விடவில்லை.

"ஒன்னியும் தெரியல. கனம் மட்டும் கீது" என்றாள் மெதுவாக. குடை விலகித் தெரு வந்ததும் நிமிர்ந்தாள். "நெஜமாவே மூடுவாங்களா? எதுக்கு?"

"சோளிங்கபுரத்துல தொட்டாச்சாரியார்னு ஒருத்தர் இருந்தாராம், அக்கா. வருஷா வருஷம் கருட சேவைக்கு வந்துடுவார். ஒரு வருஷம் உடம்பு முடியாம வர முடியல. அங்கயே குளத்தங்கரையில நின்னு உருகிப்போயிட்டார். பெருமாள் இங்க வாசல்லேர்ந்து மறைஞ்சு, அங்க போய் அவருக்குக் காட்சி குடுத்துட்டு வந்தாராம். அதுக்குத்தான் இன்னிக்கும் ஒரு நிமிஷம் மறைக்கறது."

கலையரசி விரிசல் விட்ட மூலையைக் கட்டைவிரலால் தடவினாள். "நாங்கூட கருட சேவைக்கு வந்து வருஷமாவுதும்மா. எப்பப் பாத்தாலும் ஷிப்டு. நீ வரைஞ்சது அழகாத்தான் இருந்துச்சு, ஆனா என்னால அதுக்குள்ள வர முடியல. இதுக்குள்ள வந்துட்டேன்."

ஸிந்துஜா போன வாரம் கோபித்துக்கொண்டு போன அதே படிக்கட்டில், கலையரசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜெபா, என் பேரு இருக்கட்டும். கீழ அக்கா பேரையும் போடு."

"என் பேரு எதுக்கு? நான் திட்னது மட்டும்தான்!"

"அதுக்குத்தான்" என்றாள் ஸிந்துஜா.

கருட சேவையன்று விடியற்காலை, கோபுரத்தின் எதிரே நெரிசலில் ஸிந்துஜாவும் ஜெபகுமாரும் நின்றார்கள். வேட்டுச் சத்தம் கேட்டது. தீவட்டி வெளிச்சத்தில் ஜரிகை ஓடியது. அவள் வரைந்ததைவிட எத்தனையோ மடங்கு அழகாக. வாசலில் குடைகள் தாழ்ந்து பெருமாளை மறைத்தன. கூட்டம் மொத்தமும் குடையையே பார்த்துக் கைகூப்பியது. ஸிந்துஜா முதன்முறையாகக் கீழே பார்த்தாள். வாகனத்தைத் தூக்கும் தண்டுக்கு அடியில் வெறுங்கால்கள், கட்டைவிரல் ஊன்றி, ஒன்றுபோல அசையாமல் நின்றன.

அந்தக் கால்களுக்கும், பக்கத்தில் நின்றவனுக்கும், கலையரசியை ஏற்றிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருக்கும் ஒரு கம்பெனி பஸ்ஸுக்கும் சேர்த்துக் கும்பிட்டாள்.

வாகனம் தெருவில் திரும்பிய பிறகு போனில் கலையரசியின் குரல் பதிவு வந்திருந்தது. பஸ் இரைச்சலுக்கு நடுவே கத்தியிருந்தாள்: "ஸிந்து, வாசல் தாண்டிட்டோம்மா! இங்க நாலு பேரு ஆளுக்கொரு போனுல தூக்கிக்கினு வர்றோம். இந்தப் பக்கத்து சீட்டு கிரேஸுதான் சாச்சிட்டா, மறுபடியும் மொதல்லேர்ந்து வர்றா!"