தண்ணி வருது

அந்தக் குடியிருப்பில் யாருக்கும் யாரையும் பெரிதாகப் பிடிக்காது. கோடையில் சுத்தமாகப் பிடிக்காது. மலையடிவாரத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் திட்டுவார்கள். தண்ணீர்க் குழாய் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அதுவும் வீடுகளுக்குக் கீழே, வறண்டு கிடக்கும் ஓடையின் நடுவில். மேட்டில் வைத்தால் தண்ணீர் ஏறாதாம். அதைக் கண்டுபிடித்த புண்ணியவானின் வீட்டில் குழாய் சமையலறைக்குள்ளேயே இருந்திருக்கும்.

அதில் தண்ணீர் எப்போது வரும் என்பது ஒருவனுக்குத்தான் தெரியும். மலைமேல் தொட்டியில் வால்வு திறப்பவன். அவன் மனைவிக்கு ராணி என்று பட்டப்பெயர், வயிற்றெரிச்சலில் வைத்தது. எப்போது தண்ணீர் வந்தாலும் அவள் குடம்தான் குழாயடியில் முதலில் நிற்கும்.

பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. வால்வைத் திருகுவதற்கு முன் அவன் வீட்டுக்குப் போன் செய்வான். ஆரம்பத்தில் தொட்டி நிறைந்த கதை, சாப்பிட்ட கதை என்று நீட்டி முழக்குவான். பக்கத்து வீட்டு ரேடியோ அக்கா சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு ஊரைக் கூட்டிவிடுவாள். ராணிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவனைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

"கதையெல்லாம் வீட்டுக்கு வந்து பேசுங்க. போன்ல 'தண்ணி வருது', அவ்வளவுதான். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அன்று மதியம் கீழே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மேலே மலை கறுத்துவிட்டது. தொட்டி அறையின் தகரக் கூரைமேல் மழை கல்லாய் விழுந்தது. அவன் கதவைத் திறந்து பார்த்தான். பள்ளம் முழுக்கச் செந்நீர். பாறைகளையும் வேரோடு மரங்களையும் உருட்டிக்கொண்டு இறங்கியது. அது போய்ச் சேரும் இடம் அந்த ஓடைதான். ஓடைக்கரையில்தான் வீடு. இந்நேரம் அவள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருப்பாள். போனை எடுத்தான்.

"தண்ணி வருது! தண்ணி வருதுடி!"

"ஐயோ, கத்தாதீங்க. பக்கத்துல கேக்கப்போகுது."

"சீக்கிரம் போ! நிக்காத!"

"புரிஞ்சுது, புரிஞ்சுது. வெச்சிடுங்க."

வைத்துவிட்டாள். அடுத்த இடியில் சிக்னலும் போனது. ஆனாலும் போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்தது. புரிந்தது என்று அவள் வாயாலேயே சொன்னாளே. இந்நேரம் எல்லோரையும் எழுப்பி மேட்டில் ஏற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். பாவி, போ என்றவன் எங்கே போவது என்று சொல்லவில்லை.

ராணி இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். ரேடியோ அக்கா வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"காயப்போட்ட துணிய எடுக்கக்கா."

மலையில் இடி உருண்டது. ராணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோடை முழுக்க அங்கே இடிக்கும்; இங்கே ஒரு சொட்டு விழாது. ஓடையில் இறங்கிக் குடத்தை வைத்துக் குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று வெறும் காற்று வந்தது. காற்று வந்தால் பின்னாலேயே தண்ணீர் வரும் என்று அவளுக்குத் தெரியும். இன்று யாருமே இல்லை, இரண்டு நடையாக நான்கு குடமாவது பிடித்துவிடலாம் என்ற சந்தோஷத்தோடு காத்திருந்தாள்.

மேலே எங்கோ இரைச்சல் கேட்டது. குழாய்க்குள் கேட்கிறது என்று நினைத்துக் குனிந்தாள்.

அதே இரைச்சலை ரேடியோ அக்கா வேறு மாதிரி கேட்டாள். மகளைத் தூக்கிக்கொண்டு, இருக்கிற தொண்டையெல்லாம் திறந்து கத்தினாள். எல்லா வீடும் காலியாகி மேட்டில் ஏறியது. வெள்ளம் வாசற்படி வரை வந்து, நக்கிப் பார்த்துவிட்டு வடிந்தது. ஓடையில் குழாய் இருந்த சுவடே இல்லை.

பாதையெல்லாம் சேறு. அவன் விழுந்து எழுந்து வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மேட்டில் எல்லோரும் இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"அவ எங்கக்கா?"

"வீட்லயும் இல்லப்பா. துணி எடுக்கப்போறேன்னா. கைல ரெண்டு குடம். குடத்துலயா துணி எடுப்பேன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. சண்டை வரும்னு விட்டுட்டேன்."

"நான் போன் பண்ணேனே. தண்ணி வருதுன்னு சொன்னேனே."

விஷயம் ஒவ்வொருவருக்கும் பிடிபட்டது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ரேடியோ அக்கா மகளை இழுத்து இறுக்கி அணைத்தாள். அவளுக்கு அழுகைதான் வந்தது, வன்மம் ஒன்றுமில்லை. மனதில் பட்டதை அப்படியே சொன்னாள்.

"நல்ல வேளை, எங்க யார்கிட்டயும் அவ சொல்லல. சொல்லியிருந்தா நாங்களும் குடத்தோட அங்கதான் நின்னிருப்போம்."

"ஆமா," என்றார்கள் இரண்டு மூன்று பேர். அவனும் தலையாட்டினான்.